பெயர் சொல்லி அழைக்கும் பெட்டிகள்

வீடுகளுக்குக் கமரா பூட்டிக் கொடுக்கிற தொழிலில் வாடிக்கையாளர் நிம்மதியாகத் தூங்குவார். பூட்டிக் கொடுத்தவருக்குத்தான் நித்திரை வராது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் ஏணியோடும் டிரில் மெசினோடும் ஏறி இறங்காத மாடிப்படிகள் குறைவு. முந்தியெல்லாம் கமரா என்றால் படம் பிடிக்கும், அவ்வளவுதான். இப்போது வருகிறவை ஆளைப் பார்த்து யாரென்று சொல்கின்றன. கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுக்கின்றன. சில, கேட்காமலே கதைக்கின்றன. செயற்கை நுண்ணறிவு கணினிக்குள் கிடந்தவரை எனக்குப் பயமில்லை. அது கதவிலும் சுவரிலும் மூக்குக் கண்ணாடியிலும் ஏறிக் குந்திய பிறகு, வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லாமல் போய்விட்டது.

தெரிந்த நாலு பேரைக் கூட்டி வைத்துக் கதைத்தால் பயம் குறையும் என்று நினைத்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், யாரும் வரலாம், மூளை வைத்த சாமான் எதையும் கொண்டுவந்து காட்டலாம், கேட்கலாம் என்று வெள்ளவத்தையில் ஒரு சந்திப்பைத் தொடங்கினோம். கூட நின்றவர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஃபஸ்லான். வீட்டு முன்னறையைப் பட்டறையாக்கி, உம்மாவின் திட்டை வாங்கிக்கொண்டு ரோபோக் கை செய்கிற பொறியியலாளர். பயம் குறையவில்லை. முன்பு தனியாகப் பயந்தேன். இப்போது ஆட்களைச் சேர்த்துவைத்துப் பயப்படுகிறேன். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு சாமான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கேளுங்கள்.

தூக்கிய கை

மண்டபம் தேடிப் போனது கதிரேசன் ஐயாவிடம். புறக்கோட்டையில் துணி வியாபாரம். வெள்ளவத்தைக் கிளைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன மண்டபம். பரதநாட்டிய வகுப்புக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் விடுவார். இந்தியாவிலிருந்து பாட்டன் காலத்தில் வந்த குடும்பம். கலவரத்தில் ஒருமுறை கடையைப் பறிகொடுத்துவிட்டு மறுபடி எழும்பினவர். நான் கொண்டுபோன சுவரொட்டியை விரித்ததும் அவர் முகம் மாறியது. 'இயந்திரங்களுக்கு மூளை வந்தால்? மாபெரும் கலந்துரையாடல் கூட்டம்' என்று எழுதி, கீழே ஃபஸ்லானின் ரோபோக் கை படம். விரலெல்லாம் மடங்கி, மேலே தூக்கினபடி.

"இந்தக் கைய யாரும்மா இப்படித் தூக்கச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையை விரித்து வைத்துப் படம் எடுக்கலாமா, யார் யார் வருவார்கள், பேச்சு எந்தப் பாஷையில், மைக் இருக்கிறதா, சத்தம் வீதிக்குக் கேட்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகும் அவருடைய விரல் 'கூட்டம்' என்ற சொல்லின் மேலேயே நின்றது. இந்த நகரத்தில் தமிழில் அந்தச் சொல்லைச் சுவரில் ஒட்டுவது என்றால் என்னவென்று எனக்கும் தெரியாததல்ல. கடைசியில் மண்டபத்தைத் தந்தார், ஒரு நிபந்தனையோடு.

"கூட்டம்னு போடாதீங்கம்மா, டியூசன்னு போடுங்க. இந்த ஊர்ல டியூசனுக்குப் போறவனை எவனும் நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்க மாட்டான்."

தலையாட்டி

முதல் ஞாயிறு ஃபஸ்லான் ஒரு பெட்டி கொண்டுவந்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவு. முன்னுக்கு ஒரு கமராக் கண், பக்கத்தில் ஸ்பீக்கர், மேலே பச்சை விளக்கு. முன்னால் நின்று பெயரைச் சொன்னால் போதும். அடுத்தமுறை உங்களைக் கண்டதும் வணக்கம் சொல்லிப் பெயர் சொல்லும். கல்யாண வீட்டில் படம் எடுக்க நிற்பதுபோலச் சனம் வரிசையில் நின்றது. தேநீருக்குப் பிறகு எல்லோரும் திரும்பி வர, பெட்டி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, கைதட்டல். கொட்டாஞ்சேனை யோகநாதன் அண்ணை வந்தார். அச்சகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், என் வாடிக்கையாளர். அவருடைய மாடிப்படியில் கமரா பூட்டினது நான்தான். பெட்டி அவரைப் பார்த்து "வணக்கம், செல்வராசா" என்றது. செல்வராசா வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர்; மண்டபம் சிரித்தது. அவர் கையிலிருந்த பிளேன்டீயைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினேன். அவர் கடல் பக்கம் பார்த்தபடி சொன்னார். இளம் வயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தபோது ஆமியின் சுற்றிவளைப்பு. எல்லோரையும் வெளியே இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். வாகனத்துக்குள் சாக்கால் முகத்தை மூடின ஒருவன், கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவன் தலையாட்டினால் உள்ளே, ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. இவரைப் பார்த்து ஆட்டிவிட்டான். உள்ளே வேறு யாருடையதோ ஒரு பெயரால் இவரைக் கூப்பிட்டார்கள். அது நான் இல்லை, நான் யோகநாதன் என்று அவர்களை நம்பவைக்கிறதுக்குள் பாதி உயிர் போய்விட்டது. 'அடிச்சதைவிட அந்தப் பெயர்தான் பயம்' என்றார். வாசலில் நின்று கேட்ட ஃபஸ்லானின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போய், எல்லோருக்கும் தெரியத்தக்கதாகப் பெட்டியிலிருந்த பெயர்கள் முகங்கள் அத்தனையையும் அழித்தார். திரை வெறுமையானதை யோகநாதன் அண்ணை கிட்ட வந்து பார்த்தார்.

"அண்டைக்குத் தலையாட்டினவன் வெக்கத்திலையோ பயத்திலையோ முகத்தை மூடிக்கொண்டு வந்தவன், பிள்ளை. இதுக்கு அந்த வெக்கமும் இல்லை."

வாங்க வாங்க

எல்லாப் பயமும் பழைய பயமில்லை. அன்ரன் கொட்டாஞ்சேனைப் பெடியனாக இருந்து, வளர்ந்து, ஒரு கம்பனியில் தொலைபேசி இயக்குநராக இருப்பவர். நீரிழிவு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வெள்ளைப் பிரம்போடு பஸ் ஏறிச் சந்திப்புக்கு வருவார். வந்தவர்களில் இரண்டு பொறியியல் மாணவிகள் அவருக்கென்று ஒரு கண்ணாடி செய்தார்கள். முன்னால் இருப்பதைப் பார்த்துக் காதுக்குள் சொல்லும். மண்டபத்துக்குள் அற்புதமாக வேலை செய்தது. 'கதிரை. கதவு. சிவப்புச் சட்டை போட்ட ஆள்.' அன்ரன் மகிழ்ச்சியில் காலி வீதியைக் கடந்து பார்க்க வேண்டும் என்றார். நானும் சரி என்றேன்.

நான் ஒரு பக்கம், மாணவிகள் மறுபக்கம். அவர் பிரம்பை மடக்கிவிட்டார். மஞ்சள் கடவையில் ஒரு கால் வைத்தார். கண்ணாடி சொன்னது எனக்கும் கேட்டது: "பாதை வெறுமையாக உள்ளது." அந்த நேரம் பார்த்து, நின்றிருந்த வானுக்குப் பின்னாலிருந்து ஒரு தனியார் பஸ், முன்னால் போகிற பஸ்ஸை முந்த வேண்டும் என்ற வெறியில், ஹோர்னை அமுக்கினபடி வந்தது. அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தேன். இருவரும் நடைபாதையில் விழுந்தோம். பஸ்ஸின் காற்று முகத்தில் அடித்தது. ஒரு மாணவி அழத் தொடங்கிவிட்டாள். என் முழங்கால் உரிந்திருந்தது; அது எனக்கு அடுத்த நாள்தான் நொந்தது. அன்ரன் தடவித் தடவிக் கண்ணாடியைக் கழற்றினார். அது இன்னும் காதுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. பிரம்பை விரித்து, மெதுவாக எழும்பி, எங்கள் பக்கம் திரும்பினார்.

"மிஸ், இதுகும் கண் தெரிஞ்ச ஆக்கள் மாதிரித்தான். தான் வடிவாப் பாக்காமலே எங்களை 'வாங்க வாங்க' எண்டு கூப்பிடுது."

துவாய்க்குள் மகன்

லீலா அன்ரி வெள்ளவத்தையில், கடல் தெரிகிற அடுக்குமாடியில் தனியாக இருப்பவர். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மகன் ரொறன்ரோவில். ஒரு ஞாயிறு, கடைப் பையில் எதையோ துவாயால் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மகன் அனுப்பினதாம். உருண்டையான ஒரு சாமான். கமராக் கண்ணும் உண்டு. மருந்து நேரம் சொல்லும், விழுந்தால் கனடாவுக்கு அறிவிக்கும். கதைக்கும்போது மகனுடைய குரலிலேயே கதைக்கும். அவன் தன் குரலைக் கொடுத்துப் பழக்கி அனுப்பியிருக்கிறான். 'இதில என்ன பிழை, அன்ரி?' என்று ஃபஸ்லான் கேட்டுக்கொண்டே துவாயை விலக்கினார். உள்ளே அது விழித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. "அம்மா, எங்க போனீங்கள்? ஏன் இவ்வளவு நேரம் இருட்டாக் கிடந்தது?" என்றது. ஃபஸ்லான் துவாயைத் திரும்பவும் போட்டுவிட்டார்.

அன்ரி மெதுவாகச் சொன்னார். இப்போதெல்லாம் மகன் உண்மையாகவே ஃபோன் எடுத்தாலும் அவருக்குச் சந்தேகமாம். சின்ன வயதில் அவனைக் கடித்த நாயின் பெயரைக் கேட்டுப் பார்த்தாராம். அவன் 'எனக்கு இப்ப அதுக்கெல்லாம் நேரமில்லையம்மா' என்று சினந்தானாம். அப்போதுதான் இது என் பிள்ளை என்று நெஞ்சுக்குத் தண்ணி வந்ததாம். நான் அங்கிருந்தே மகனுக்கு எடுத்தேன். அவன் "அக்கா, நான் ரெண்டு வேலை செய்யிறன். அம்மா விழுந்து கிடந்தால் ஆர் எனக்குச் சொல்லுறது? அந்தப் பயத்தில செய்தது" என்றான். இரண்டு பக்கமும் பயம். நடுவில் அந்த உருண்டை. விழுந்தால் அறிவிக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு, குரலை மட்டும் யாரோ ஒரு முகம் தெரியாத பெண்ணின் குரலாக மாற்றிக் கொடுத்தோம். அன்ரி அதைத் துவாய் இல்லாமல் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்ர மகன் எண்டால் ஒரு நேரமாவது எரிஞ்சு விழுவான். இது மூண்டு நேரமும் அன்பாக் கதைச்சுது, பிள்ளை, அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது."

கடைசி வரிசை

அடுத்த சந்திப்பில் கதிரேசன் ஐயா மூச்சு வாங்க மாடியேறி வந்து என் காதில் சொன்னார்: "ரெண்டு பேர் வந்திருக்காங்கம்மா. சிவில் உடுப்புப் பொலிஸ்." அவர்கள் ஏற்கனவே பின்னால் ஏறி வந்து கடைசி வரிசையில் இருந்துவிட்டார்கள். ஆட்களின் கைகள் தாமாகவே சட்டைப் பைக்கும் கைப்பைக்கும் போய் அடையாள அட்டையைத் தடவின. மூத்தவர் எழும்பி மரியாதையாகத்தான் கேட்டார், சிங்களத்தில்: இங்கே ஆட்களைப் படம் எடுத்துச் சேர்க்கிற மெசின் ஒன்று இருக்கிறதாமே, யாரோ சொன்னார்கள். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் மேசையில் இருந்த பெட்டியைக் காட்டி "ஒன் கரன்ன" என்றார். போடச் சொல்கிறார். ஃபஸ்லான் என்னைப் பார்த்தார். அழித்துவிட்டோம், உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். போடச் சொன்னேன்.

பெட்டி விழித்தது. மூத்தவர் குனிந்து அதன் கண்ணுக்கு நேரே பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. "வணக்கம், யோகநாதன்" என்றது பெட்டி.

"கவுத யோகநாதன்?" என்று கேட்டார் அவர். யாரது யோகநாதன்? ஒரு தலையும் திரும்பவில்லை. திரும்பினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அழித்தது எப்படி உள்ளே இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் வரிசையில் கதிரை கிறீச்சிட்டது. யோகநாதன் அண்ணை எழும்பி நின்றார். முன் கதிரையின் முதுகை ஒரு கை பிடித்திருந்தது. மறு கையில் அடையாள அட்டை. "மம தமய், மஹத்தயா" என்றார். நான்தான் என்றார். நடந்து வந்து, அந்த மனிதருக்குப் பக்கத்தில், பெட்டிக்கு முன்னால் நின்றார்.

மூத்தவர் அட்டையை வாங்கவில்லை. யோகநாதன் அண்ணையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "அபி தென்னா எக வகேத?" என்று தன்னோடு வந்தவரிடம் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரியா? இளையவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். ஒருவரைப்போல மற்றவர் இல்லவே இல்லை. அதற்குப் பிறகுதான் மூத்தவருக்கு உறைத்தது போல. கமராவின் கண்ணிலிருந்து சட்டென்று ஒரு பக்கமாக விலகினார். தன் முகமும் இப்போது அதற்குள் போய்விட்டதா என்று கேட்டார். ஃபஸ்லான் பொய் சொல்லவில்லை. தெரியாது சேர், என்றார். மனிதர் லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வந்தபோது இருந்த குரல் அவரிடம் இல்லை. தன் முகத்தை அதிலிருந்து அழித்துவிடும்படி, தம்பி என்று கூப்பிட்டு, ஃபஸ்லானிடம் கேட்டபோது, அது கட்டளையா கெஞ்சலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"மகே மூண ஏகென் மகன்ன, மல்லி."

ஏணி

அதற்கடுத்த ஞாயிறு பாதிக் கதிரைகள் காலி. கதிரேசன் ஐயா மண்டபத்தைப் பறிக்கவில்லை. ஜன்னல்களை மட்டும் தானே வந்து சாத்திவிட்டுப் போனார். ஃபஸ்லான் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். அழித்தபோது போனது திரையில் தெரிகிற பெயர் வரிசை மட்டும்தானாம். பார்த்துப் படித்த முகங்களும் அவற்றோடு சேர்ந்த பெயர்களும் சில்லுக்குள் அப்படியே தங்கிவிட்டன. சரியாகத் தெரியாத ஆளைக் கண்டால் தெரியாது என்று சொல்ல அதற்குத் தெரியாது; கிட்டமுட்டப் பொருந்துகிற ஒரு பெயரைச் சொல்லிவிடும். 'நான் அழிச்ச தானே அக்கா, நீங்களும் கண்ட தானே' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெட்டியைத் திறந்து, நினைவுச் சில்லைப் பிடுங்கி மரப்பலகையில் வைத்தார். நான் டிரில் மெசினைப் பிடித்தேன். கறுப்புத் தூள் பறந்தது. வந்திருந்தவர்கள் சுற்றி நின்று, செத்த வீட்டில் நிற்பதுபோலப் பார்த்தார்கள்.

தூளைத் தட்டும்போது யோகநாதன் அண்ணை கேட்டார்: "அப்ப என்ர படியில பூட்டின கமரா, பிள்ளை?" அது எடுக்கிற படங்கள் இணையம் வழியாக எங்கேயோ ஒரு நாட்டுக்குப் போகின்றன. எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். மறுநாள் காலை கொட்டாஞ்சேனைக்குப் போய் அதைக் கழற்றினேன். ஏணியில் நிற்கும்போதே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மெற்றில்டா அக்கா, கணவர் கப்பலில், சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறவர். போன கிழமை கீழ்மாடியில் யாரோ பூட்டை உடைத்துவிட்டார்களாம். "அவருக்கு வேண்டாமெண்டால் அதை எங்கட வாசல்ல பூட்டுங்களேன் மிஸ், எனக்குப் பொழுதுபட்டால் பயம்" என்றார். அவர் காட்டின இடத்தில் பூட்டினால், கமராவின் கண் நேரே யோகநாதன் அண்ணையின் கதவில்தான் விழும். கமராவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றேன். யார் பக்கம் இறங்குவதென்று தெரியவில்லை. யோகநாதன் அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மெற்றில்டா அக்காவின் காலைக் கட்டிக்கொண்டிருந்த சின்னவளைப் பார்த்தார். பிறகு ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார்.

"பூட்டிக் குடு பிள்ளை, அவவும் பாவம். என்ர கதவு தெரியாத மாதிரிக் கொஞ்சம் சாய்ச்சுப் பூட்டு. என்னட்டைக் கள்ளன் வந்தால் அவனோட நான் கதைச்சுக்கொள்ளுவன்."

வேலை செய்யாத சாமானைக் கண்டு வாடிக்கையாளர் சத்தம் போட்ட காலம் போய், வேலை செய்கிற சாமானைக் கண்டு அவர்கள் மெதுவாகக் கதைக்கிற காலத்தில், ஏணியின் உச்சியில் நின்று எல்லோருக்கும் முதலாகப் பயப்படுவதுதான் இப்போது என் தொழில்.